மணமகள் குகையின் கழுதை

ஷ்க்ரிபினா என்னும் கடலோரச் சிற்றூரின் துறையில் படகோட்டும் பார்த்துல் கலேபிச், மே மாதத் தொடக்கத்தில் வாயைத் திறந்தால் அக்டோபரில் கடைசிச் சுற்றுலாப் பேருந்து மலையேறிப் போகும்வரை மூடமாட்டார். இடைப்பட்ட மாதங்களில் அந்த வாயிலிருந்து வந்தவற்றுள் உண்மை எத்தனை பங்கு என்று ஊரார் எவரும் ஆராய்ந்ததில்லை. ஆராய நேரமில்லை என்று சொல்வது மரியாதை. விருப்பமில்லை என்பதே சரி.

அவரது தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வயிறு முன்னே வரும். அவர் பின்னே வருவார். தலையில் கப்பல் தலைவர்கள் அணிவது போன்ற வெள்ளைத் தொப்பி ஒன்று எப்போதும் இருக்கும். அவர் பணியாற்றிய மிகப் பெரிய கப்பல், எதிரிலுள்ள தீவுக்குக் கார்களை ஏற்றிச் செல்வது. அதிலும் அவர் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தவர். அதை யாரேனும் நினைவூட்டினால், "சோறில்லாம எந்தக் கப்பல்டா நகரும்?" என்று திருப்பிக் கேட்பார்.

கோடையில் வரும் வெளியூர்க்காரர்களை அவர் 'வெந்த நண்டு' என்றே குறிப்பிடுவார். நிறத்தைப் பார்த்து இட்ட பெயர் அது. பூண்டும் எண்ணெயும் விட்டு வேகவைத்த கீரையையும் கிழங்கையும் தட்டோடு படம் பிடிப்பவர்கள், துணி உலர்த்தும் கொடியைப் படம் பிடிப்பவர்கள், துறைப் படியில் உறங்கும் பூனையிடம் அதன் பெயரைக் கேட்பவர்கள் ஆகிய அனைவரையும் அவர் ஒரே அளவில் இகழ்ந்தார். இகழ்ச்சிக்குக் காரணம் எளிது: அவர் சொன்னதையெல்லாம் அவர்கள் நம்பினார்கள்.

அவ்வூரைச் சுற்றிப் பார்க்கத் தக்கவை மூன்று உண்டு. பைன் மரக் குன்றுக்குப் பின்னால், உப்புநீரும் நன்னீரும் கலந்து கிடக்கும் ஏரி. தீவுகள் அனைத்தும் ஒருசேரத் தெரியும் மலைமுகடு. கடற்பாறையைக் குடைந்த குகை. ஷ்க்ரிபினாக்காரர் எவரும் இவற்றைப் 'பார்க்க'ப் போனதில்லை. ஏரிக்கு விலாங்கு பிடிக்கப் போவார்கள். முகட்டுக்குக் காணாமற்போன ஆட்டைத் தேடிப் போவார்கள். குகைக்கு எதற்காகவும் போகமாட்டார்கள். அழகைப் பார்ப்பதற்கென்றே வெயிலில் நடப்பவனுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்பது அவர்களது துணிபு.

அந்தக் குகையின் பெயர் கழுதைப் பொந்து. பார்த்துலின் கொள்ளுப்பாட்டனார் காலத்தில், மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் திராட்சைக் கூடை சுமந்து சென்ற கழுதையொன்று கால் இடறி, குகையின் கூரையிலிருந்த துளை வழியாக உள்ளே விழுந்து செத்தது. ஒரு கோடை முழுவதும் அது நாறியது. பெயரும் நாற்றமும் நிலைத்தன. காலை பத்து மணியளவில் வெயில் நீருக்கடியில் நுழைந்து குகை முழுவதையும் பச்சைக் கண்ணாடிப் புட்டிபோல் ஒளிரச் செய்யும் என்பதை ஊரார் அறிவார்கள்; அறிந்து என்ன செய்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

1988ஆம் ஆண்டு ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த புதுமணத் தம்பதியர் பார்த்துலின் படகில் அங்கே சென்றனர். அப்போது அவருக்கு இருபத்துச் சொச்சம் வயது. மணப்பெண் பச்சை ஒளியில் கையை நனைத்துக்கொண்டே, இந்த இடத்தின் பெயர் என்ன என்று கேட்டாள். கழுதை அவரது நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆனால், அவளது முகத்தைப் பார்த்தபோது கழுதையை வெளியே விட அவருக்கு மனம் வரவில்லை. "மணமகள் குகை" என்றார். ஏன் அந்தப் பெயர் என்று அவள் கேட்டாள். "அது பெரிய கதைங்க. நாளைக்குச் சொல்றேன்" என்றார்; அவரிடம் கதை இல்லை.

கதை அந்தக் குளிர்காலத்தில்தான் பிறந்தது. துறைக்குப் பின்னால், மணல் பரப்பிய களத்தில் ஆண்கள் கட்டை உருண்டைகளை எறிந்து விளையாடுவார்கள். வெளியூர்க்காரர் இல்லாத மாதங்களில் அவ்வூருக்கு இருந்த ஒரே தொழில் அதுதான். பார்த்துலுடன் ஆடியவர்கள் இருவர்: வலை பழுதுபார்க்கும் குஸ்மா, எதையும் பழுதுபார்க்காத பிரோஷ்பெர்.

"வெறும் மணமகள்னா போதுமா? அவளைத் தூக்கிட்டுப் போனவன் யாரு?" என்று குஸ்மா கேட்டார்.

"கடற்கொள்ளைக்காரன்" என்றார் பார்த்துல்.

"அவனுக்கு ரெண்டு கண்ணும் இருக்கா?"

"இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"ரெண்டும் இருந்தா அவன் வரி வசூலிக்கிறவன்டா. ஒண்ணைப் பிடுங்கு."

பிரோஷ்பெர் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "தண்ணி ஏன் பச்சையா இருக்குன்னு எவனாவது கேப்பானே? அவ மரகத மோதிரத்தைக் கழட்டித் தண்ணில வீசிட்டான்னு சொல்லு."

"அட! உனக்குள்ளயும் மூளை இருக்கா?"

"இத்தனை நாளா உன்கூட இருந்தும் கெடாம வெச்சிருக்கேன் பாரு."

இவ்வாறு மூவர் கூடி, நீர் கலந்த சிவப்பு ஒயினும் உப்பிட்ட நெத்தலியும் தீரும்வரை இருந்து, ஒரு பெண்ணைக் கடத்தி, குகையில் சிறைவைத்து, மோதிரத்தை வீசவைத்து, இறுதியில் கண்ணீர் விட்டுச் சாகவும் வைத்தனர். அவளுக்கு யெலினா என்று பெயர் சூட்டினர். அடுத்த கோடையில் பார்த்துல் அதைச் சொன்னபோது படகில் இருந்த பெண்கள் மூவர் அழுதனர். தம் வாழ்நாளில் வேறெதைச் செய்தும் அவர் எவரையும் நெகிழச் செய்ததில்லை. ஆகவே அத்தொழிலையே பற்றிக்கொண்டார்.

பொய் வளர்வதற்கு உரம் வேண்டாம். ஓர் ஊருக்கு அதனால் பயன் இருந்தால் போதும். பிரோஷ்பெர் தம் வீட்டு மாடி அறைகளை வாடகைக்கு விட்டு, வாசலில் 'யெலினா விடுதி' என்று எழுதினார். குஸ்மாவின் மகள் பச்சைக் கண்ணாடி மோதிரங்களை விற்றாள். தலைநகர் நாளேடு ஒன்று இக்கதையை 'இப்பகுதி மக்கள் வழிவழியாகப் போற்றும் மரபு' என்று எழுதியது. நாளேட்டைப் பார்த்து வழிகாட்டி நூல் எழுதினர். நூலைப் பார்த்து அரசு, துறைமுகத்தில் நான்கு மொழிகளில் பலகை வைத்தது. எஃகுக் கம்பத்தின்மேல் தம் பொய் நிற்பதைக் கண்டு பார்த்துல் பூரித்தார். கீழே தம் பெயர் இல்லையே என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

இந்த வகையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், ஒரு ஜனவரியில் அறிவிப்பு வந்தது. குகை இனிப் பாதுகாக்கப்பட்ட இடம். உள்ளே செல்ல இரண்டு படகுகளுக்கு மட்டுமே உரிமம். உரிமம் வேண்டுவோர் வாய்மொழித் தேர்வு எழுத வேண்டும் என்று அதில் அச்சாகியிருந்தது. வாய்மொழித் தேர்வை எவ்வாறு எழுதுவது என்று அலுவலகம் விளக்கவில்லை. ஓர் உரிமம் மலைக்கு அப்பாலிருந்து வந்த இரண்டு சகோதரர்களுக்குக் கிடைப்பது உறுதியாகிவிட்டது. அவர்களுக்கு நீந்தத் தெரியாது, ஆனால் தேர்வுகள் தெரியும். மற்றொன்று பார்த்துலுக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அது பெருநகரப் படகு நிறுவனம் ஒன்றுக்குப் போகும். அவர் தம் மைத்துனனின் உணவகத்தில் தட்டுக் கழுவ வேண்டும். மைத்துனன் அவரது வயிற்றுக்குப் பொருந்தும் ரப்பர் மேலுடை ஒன்றை அப்போதே வாங்கி ஆணியில் மாட்டிவிட்டான்.

பார்த்துலின் மனைவி வின்கா, கணவரின் கதைகளை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. அதனால்தான் அந்தத் திருமணம் நிலைத்தது. தேர்வுச் செய்தி வந்த அன்று அவர் மீனைச் செதிலெடுத்துக்கொண்டே சொன்னார்:

"வர்றது டாக்டர் பட்டம் வாங்கின பொம்பளையாம். அவ முன்னாடி போயி ஒத்தைக்கண்ணன் கதையை எடுத்து விட்டு மானத்தை வாங்காதே."

"முப்பத்தஞ்சு வருஷமா அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்?"

"வெந்த நண்டுங்ககிட்ட சொல்லலாம். பரீட்சையில சொல்லுவியா? உண்மையைப் படிச்சிட்டுப் போ. உனக்கு அது புதுசாத்தான் இருக்கும், பழகிக்கோ."

பார்த்துல் பழகிக்கொண்டார். மூன்று வாரம் உருண்டைக் களத்துப் பக்கமே போகாமல், சுண்ணாம்புப் பாறையை மழைநீர் எவ்வாறு அரிக்கிறது, ஒளி எந்தக் கோணத்தில் நீருக்குள் நுழைகிறது, ஏரிக்கு விலாங்குகள் எங்கிருந்து வருகின்றன என்றெல்லாம் மனப்பாடம் செய்தார். தாம் எத்தகைய இடத்தில் பிறந்திருக்கிறோம் என்பதை முதன்முறையாக அறிந்து வியந்தார். ஒருநாள் ஏரிக்கரைக்குத் தூண்டில் இல்லாமலேயே போய் நின்றுவிட்டு வந்தார் என்றால், அந்தக் கல்வி அவரை எவ்வளவு கெடுத்துவிட்டது என்பதை உணரலாம்.

தேர்வு பள்ளிக்கூட அறையில் நடந்தது. முனைவர் லொவோர்கா, தலைநகரிலிருந்து வந்த, மெல்லிய கண்ணாடி அணிந்த பெண்மணி. அவருக்கு இருபுறமும் உள்ளூர் உறுப்பினர்களாகத் தபால் நிலையத் தலைவரும் மருந்துக்கடைக்காரரும் அமர்ந்திருந்தனர். பாறை, ஒளி, விலாங்கு ஆகிய மூன்று கேள்விகளுக்கும் பார்த்துல் சொன்ன விடைகளைக் கேட்டு லொவோர்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"குகைக்கு மணமகள் குகைன்னு பேரு எப்படி வந்துச்சு?"

பார்த்துல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் வெச்ச பேரு, டாக்டரம்மா."

"நீங்களா?"

"எண்பத்தெட்டுல வெச்சேன். அதுக்கு முன்னாடி கழுதைப் பொந்து."

லொவோர்கா தம் முன்னிருந்த தாளைப் பார்த்தார். "இதுல அப்படி இல்லையே."

"அதுல எப்படி இருக்கும்? நான் சொன்னதுதானே அதுல இருக்கு."

"நீங்க சொன்னதுதான் இதுல இருக்குன்னா, இது சரிதானே?"

"இல்லைங்க. நான் சொன்னது பொய்."

"எது? இப்ப சொல்றதா, அப்ப சொன்னதா?"

தம்மிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கப்படும் என்று பார்த்துல் அறிந்திருந்தால், ஒருவேளை வேறு வகையில் வாழ்ந்திருப்பார். 'மரபறிவு' என்ற கட்டத்தில் லொவோர்கா சுழி போட்டார். அக்கட்டத்தில் தேறாதவருக்கு உரிமம் கிடையாது. பத்து நாளில் மேல்முறையீடு செய்யலாம்.

பத்தாம் நாள் பார்த்துல் கையில் ஒரு சுருளுடன் வந்தார். ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில் நில அளவையாளர்கள் வரைந்த பழைய வரைபடத்தின் நகல் அது. தேவாலயத்துப் பெட்டியறையில் தேடி எடுத்தது. கடற்கரைக் கோட்டின்மேல், எறும்பளவு எழுத்தில், 'கழுதைப் பொந்து' என்றிருந்தது. லொவோர்கா அதைச் சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"நீங்க சொன்னது உண்மைதான். பலகையை மாத்தணும், அது என் வேலை. உங்க உரிமத்துல இப்பவே கையெழுத்துப் போடறேன். நீங்களும் போடுங்க" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார்.

பார்த்துல் கையை நீட்டவில்லை. சன்னலைப் பார்த்தார்.

வெளியே யூகோ என்னும் தெற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வருவதெல்லாம் தென்றலாகிவிடாது. அக்கடற்கரையில் தெற்குக் காற்றென்பது நனைந்த கம்பளியை முகத்தில் போர்த்துவது போன்றது. அது அடிக்கும் நாள்களில் ரொட்டி நமுத்துப்போகும். தொங்கும் பன்றித்தொடை வியர்க்கும். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளமாட்டார்கள். அந்நாள்களில் ஷ்க்ரிபினாவில் எவரும் பெண் பார்க்கப் போவதில்லை, மயிர் வெட்டிக்கொள்வதில்லை, எதிலும் கையெழுத்திடுவதுமில்லை. யூகோவில் ஒப்பமிட்டுத் தோப்பை இழந்த பாட்டனொருவன் அங்கே எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இல்லாத குடும்பத்தார் அண்டைவீட்டுப் பாட்டனைச் சொல்லிக்கொள்வார்கள்.

"இன்னிக்கு வேணாம், டாக்டரம்மா" என்றார் பார்த்துல்.

"ஏன்?"

"காத்து சரியில்லை."

"காத்துக்கும் கையெழுத்துக்கும் என்னங்க சம்பந்தம்? நீங்க கேட்டதைத்தானே குடுக்கறேன்!"

"அதனாலதாங்க. நல்லது நடக்கறப்ப கெடுத்துக்கக்கூடாது. மூணு நாள் பொறுங்க, காத்து திரும்பட்டும்."

லொவோர்கா துணைக்கு இருபுறமும் பார்த்தார். தபால் நிலையத் தலைவரும் மருந்துக்கடைக்காரரும் தத்தம் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டனர். "அவர் சொல்றதுல நியாயம் இருக்கு மேடம்" என்றார் மருந்துக்கடைக்காரர். கூட்டம் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கொடுத்த பேனாவை வாங்க மறுத்துவிட்டு, ஊர்வழக்கத்தைக் காத்த நிறைவோடு பார்த்துல் வீட்டுக்குப் போனார். வின்காவிடம், காரியம் முடிந்துவிட்டது என்றுகூடச் சொன்னார்.

செய்தி பரவ மூன்று நாள் தேவைப்படவில்லை. அன்று மாலை ரொட்டிக்கடை மூடுவதற்குள் பரவிவிட்டது. மறுநாள் காலையில் பிரோஷ்பெர் துறைக்கு வந்து, படகுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த பார்த்துலின் முன் நின்றார்.

"பலகையை மாத்தப் போறாங்களாமே. கழுதை செத்த குகைன்னு சொன்னா என் வீட்ல எவன்டா வந்து தங்குவான்? கழுதையா?"

"உனக்கு ஏற்கெனவே வர்றது அதுதானே?"

"சிரிப்பு வரலை, பார்த்துல். ஊர் வயித்துல அடிக்கிறே."

"என் வயித்துல அடிச்சப்ப ஊர் எங்க போச்சு? உண்மையைச் சொன்னதுக்குச் சுழி போட்டாங்கடா!"

"உன்னை யாரு உண்மையைச் சொல்லச் சொன்னது? அதுக்குன்னு ஒரு தகுதி வேணாமா? கதையைச் சொல்லியிருந்தா அன்னிக்கே உரிமம் கையில. குஸ்மாவோட பொண்ணு நேத்திலருந்து அழுதுட்டிருக்கா, நானூறு மோதிரம் வாங்கி வெச்சிருக்கா."

"மோதிரம் உன் யோசனைதான்டா!"

"எந்த மோதிரம்?" என்றார் பிரோஷ்பெர். முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரே களத்தில் ஆடிய நண்பனின் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. பார்த்துலின் கையிலிருந்த தூரிகையிலிருந்து சாயம் சொட்டியது.

சனிக்கிழமை வாடைக்காற்று வானத்தைத் துடைத்து வைத்திருந்தது. பள்ளிக்கூட அறை நிறைந்திருந்தது. குஸ்மா எழுந்து, யெலினாவின் கதையைத் தம் பாட்டனார் மடியிலிருந்து கேட்டதாகச் சொன்னார். பாட்டனார் சொல்லும்போது அழுதாராம். பிரோஷ்பெர் தம் கொள்ளுப்பாட்டனார்வரை போனார். வரைபடத்தை என்ன செய்வது என்று லொவோர்கா கேட்டபோது, அதற்கும் குஸ்மாவிடம் விடை இருந்தது.

"கழுதைப் பொந்து வேற மேடம். குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கு. படம் வரைஞ்ச ஆஸ்திரியாக்காரனுக்கு நம்ம ஒயின் ஒத்துக்கலை, கோட்டை இந்தப் பக்கம் இழுத்துட்டான். செத்ததுகூடப் பார்த்துல் வீட்டுக் கழுதைதான். அதான் இவருக்கு அது மேல அவ்வளவு பாசம்."

அறை சிரித்தது. பார்த்துல் எழுந்தார். பொய்யை இத்தனை நேர்த்தியாக அடுக்கக் கற்றுக்கொடுத்தவர் தாமே என்பதால், அதில் எங்கே கைவைத்தால் இடியும் என்று தேடினார். இடம் கிடைக்கவில்லை. நல்ல வேலை அது.

லொவோர்கா களைத்துப்போயிருந்தார். "ஒரு ஊரே ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் ஊரை எதிர்த்து எழுத முடியாது. கடைசிக் கேள்வியை மட்டும் திரும்பக் கேக்கறேன். பலகையில இருக்கறதைச் சொன்னீங்கன்னா உரிமம் உங்களுக்கு. இல்லைன்னா அந்தக் கம்பெனிக்கு."

பின்வரிசையில் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் வின்கா. "சொல்லித் தொலை" என்று வின்காவின் உதடுகள் அசைந்தன.

பார்த்துல் சொல்லத் தொடங்கினார். ஒற்றைக்கண்ணன் வந்தான்; யெலினாவைத் தூக்கினான்; மோதிரம் நீரில் விழுந்தது. ஆயிரம் முறை சொன்ன கதை. "ஏழு வருஷம் அந்தக் குகைக்குள்ள காத்திருந்தா" என்றார்.

"ஒன்பது" என்றார் லொவோர்கா, தாளைப் பார்த்து.

"ஏழு."

"ஒன்பதுன்னு போட்டிருக்கு."

"அச்சடிச்சவன் தப்பாப் போட்டுட்டான். ஏழுதான். நான் வெச்சது ஏ..." நிறுத்திக்கொண்டார். குஸ்மாவைப் பார்த்தார். அந்த ஏழு, களத்தில் ஒரு மணி நேரம் சண்டையிட்டு வாங்கிய ஏழு. ஐந்து போதும் என்று வாதிட்டவரே குஸ்மாதான். குஸ்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க தாத்தா ஒன்பதுன்னுதான் சொல்வாரு" என்றார்.

பார்த்துல் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒன்பது" என்றார். அறையில் இருந்தவர்கள் கைதட்டினர். பிரோஷ்பெர் வந்து அவரைக் கட்டியணைத்து இரு கன்னத்திலும் முத்தமிட்டார். அதில் வஞ்சகம் ஏதுமில்லை. உண்மையாகவே மகிழ்ந்துதான் முத்தமிட்டார். அவ்வூராரின் அன்பு அத்தகையது.

உரிமத்துடன் ஒரு தடித்த அட்டையும் வந்தது. குகைக்குள் பயணிகளுக்கு அட்டையில் உள்ளதை உள்ளபடியே படிக்க வேண்டும். சேர்க்கவோ நீக்கவோ கூடாது. மே மாதத்தில் முதற்படகு கிளம்பியது. பச்சை ஒளியில் பார்த்துல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்பது ஆண்டுகளையும் ஒன்றுவிடாமல் படித்தார். செக் நாட்டிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதெல்லாம் மெய்யாகவே நடந்ததா என்று கேட்டார்.

பார்த்துல் அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"எனக்கென்னங்க தெரியும்? நான் படகு ஓட்டறவன்" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார்.